பூசின ஈயமும் பூசாத ஈயமும்

மகள் பிறந்து மூன்றாம் மாதம். அம்மா கும்பகோணத்திலிருந்து லக்னோ வந்து இறங்கினாள். பெட்டியைத் திறந்தால் துணிமணியைவிட டப்பாக்கள்தான் அதிகம். ரசத்துக்கு ஒரு ஈயச்சொம்பு, நசுங்காமல் இருக்கப் புடவைக்குள் சுற்றி. எங்களுக்குக் குங்குமம். குழந்தைக்கு வீட்டிலேயே செய்த கண்மை, சின்னப் பித்தளை டப்பாவில். "வடக்கே இதெல்லாம் சுத்தமாக் கிடைக்காதுடா" என்பது அம்மாவின் தீர்மானம். மறுத்துப் பேச நான் யார்?

அதே வாரம் என் கிளையில் இருந்த சீனியர் ஒருவர் குழந்தையைப் பார்க்க வந்தார். பரேலிக்காரர். ஒரு கையில் இனிப்பு, இன்னொரு கையில் சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே கருஞ்சாம்பல் நிறத்தில் மினுமினுக்கும் பொடி, கூடவே மெல்லிய குச்சி ஒன்று. சுர்மா. "இதைப் போட்டால் நஜரும் கூர்மையாகும், நஜரும் படாது" என்றார். (இந்தியில் பார்வைக்கும் கண்ணேறுக்கும் ஒரே சொல்தான். மனிதர் சிலேடையிலேயே ஆசீர்வாதம் செய்துவிட்டார் :-) )

ஆக, வீட்டில் இரண்டு மை. அம்மாவின் மை தலையணை, போர்வை, என் சட்டை என்று எல்லா இடத்திலும் ஈஷியது. சுர்மா ஈஷவில்லை. தங்கமணி நடைமுறைவாதி. "ரெண்டும் கறுப்புதானே" என்று சுர்மாவுக்கு மாறினார். அம்மாவுக்கு முகம் கொஞ்சம் சுருங்கியது. ஒரு மாதம் போல ஓடியது.

தடுப்பூசிக்குப் போனபோது டாக்டரம்மா குழந்தையின் கண்ணைப் பார்த்துவிட்டுப் பஞ்சால் துடைத்தபடி, "இதில் சீசா இருக்கும், போடாதீர்கள்" என்றார். எனக்குத் தெரிந்த சீசா நம்மூர் மருந்து சீசாதான். பொடியில் கண்ணாடித் தூள் கலக்கிறார்கள் போலிருக்கிறது என்று பதறிப் போய்விட்டேன். அன்றிரவு அகராதியைப் புரட்டினால்தான் தெரிந்தது. இந்தியில் சீசா என்றால் காரீயம். (கண்ணாடிக்கு அவர்கள் சொல்வது ஷீஷா. ஒரு எழுத்து தப்பினால் உலோகமே மாறிவிடும்.)

அம்மாவிடம் சொன்னேன். அவள் அலட்டிக்கொள்ளவே இல்லை. "ஈயமா? நாம ரசமே ஈயத்துலதானே வைக்கறோம்!"

பதில் சொல்லத் தெரியாமல் நின்றேன். அந்த ஒரு கேள்விதான் இத்தனை வருடம் கழித்து இதை எழுத வைக்கிறது. நடுவில் கிடைத்த நேரத்திலெல்லாம் இதைப் பற்றிப் படித்திருக்கிறேன். நான் பி.காம். படித்தவன், வேதியியல் பத்தாவதோடு முடிந்தது. ஆனால் பெயர் ஒன்றாக இருந்து உள்ளே சரக்கு வேறாக இருக்கும் விவகாரங்களைப் பார்ப்பதுதான் என் பிழைப்பே.

முதலில் அம்மாவின் கேள்விக்குப் பதில். தமிழில் ஈயம் இரண்டு. வெள்ளீயம், காரீயம். ரசம் வைக்கும் சொம்பு வெள்ளீயம், பித்தளைப் பாத்திரத்துக்குள் பூசுவதும் வெள்ளீயம். காரீயம் விஷம். இரண்டுமே மெத்தென்று இருக்கும், சீக்கிரம் உருகும், அதனால் பழையவர்கள் ஒரே குடும்பத்துப் பிள்ளைகளாக நினைத்துவிட்டார்கள். நாம் மட்டும் இல்லை, ரோமானியர்களும் ஒரே பெயரை வைத்து 'கறுப்பு', 'வெள்ளை' என்று அடைமொழி போட்டுத்தான் பிரித்தார்கள். பேச்சில் அடைமொழி உதிர்ந்துவிடும். 'ஈயம் பூசின மாதிரியும் இருக்கணும், பூசாத மாதிரியும் இருக்கணும்' என்று நாம் சொல்வது வெள்ளீயத்தை. காரீயத்தையும் மனிதர்கள் பூசிக்கொண்டுதான் இருந்தார்கள், பாத்திரத்தில் இல்லை, முகத்தில். (சொம்பிலும் காரீயக் கலப்படம் வருவதுண்டு. அதனால் நம்பிக்கையான கடையில் வாங்குங்கள். அது தனிக் கதை.)

சுர்மாவின் கதையும் பெயர்க் கதைதான். சுர்மா என்ற சொல் குறித்தது ஆன்டிமனி என்ற உலோகத்தின் கந்தகக் கல்லை. நம் அகராதிகளும் அஞ்சனக்கல்லுக்கு அந்தப் பொருளையே தருகின்றன. ஆனால் அது எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. அதே கருமை, அதே மினுமினுப்போடு தாராளமாகக் கிடைக்கும் இன்னொரு கல் உண்டு, கலீனா. காரீயமும் கந்தகமும் சேர்ந்தது. நூறு கிராம் கலீனாவில் 86 கிராமுக்கு மேல் காரீயம். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கல் மாறியது, பெயர் மாறவில்லை.

இது சமீபத்திய கலப்படம் என்று நினைக்க வேண்டாம். எகிப்தியக் கல்லறைகளில் கிடைத்த மைச் சிமிழ்களை பாரிஸ் லூவ்ர் அருங்காட்சியகம் பத்திரமாக வைத்திருக்கிறது. அவற்றை ஆராய்ந்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். முக்கால்வாசி ஈயச் சரக்குதான். அதிலும் இரண்டு ஈய உப்புகள் இயற்கையில் அப்படி எளிதாகக் கிடைப்பவை அல்ல. நாலாயிரம் வருடங்களுக்கு முன்னால் யாரோ மெனக்கெட்டு, தண்ணீரில் ஊறவைத்து வடித்து வாரக்கணக்கில் தயாரித்திருக்கிறார்கள். 2010-ல் அதே ஆய்வின் தொடர்ச்சியாக, மிகச் சிறிய அளவில் அந்த உப்பு தோல் செல்களின் நோய் எதிர்ப்பைத் தூண்டுகிறது, கண் நோய்களிலிருந்து காப்பாற்றியிருக்கலாம் என்று எழுதினார்கள். உடனே 'கிளியோபாட்ராவின் மை ஒரு மருந்து' என்று தலைப்புகள். எனக்கே இரண்டு பேர் அனுப்பிவைத்தார்கள், "பார்த்தீர்களா, முன்னோர்கள் முட்டாள்கள் இல்லை" என்ற குறிப்போடு. முட்டாள்கள் என்று நான் எங்கே சொன்னேன்? நைல் நதிக்கரையில் கண்நோய் வந்து பார்வை போவதற்கும், இன்றைக்கு லக்னோவில் ஒரு கைக்குழந்தைக்குச் சும்மா அழகுக்குப் போடுவதற்கும் ஒரே கணக்கா என்றுதான் கேட்கிறேன்.

கண் வழியாகப் போகும் ஈயம் பெரிய விஷயம் இல்லையாம். குழந்தை கண்ணைக் கசக்கும், அதே கையை வாயில் வைக்கும். அதுதான் வழி. தண்ணீரில் கரையாத கலீனா வயிற்று அமிலத்தில் கொஞ்சம் கரையும். உடம்பு ஈயத்தைக் கால்சியம் என்று நினைத்து வரவேற்றுக்கொள்கிறது (பாருங்கள், இங்கேயும் ஆள்மாறாட்டம்). வளரும் உடம்புக்குக் கால்சியம் தேவை என்பதால் குழந்தைகள் பெரியவர்களைப்போல 4, 5 மடங்கு உறிஞ்சிக்கொள்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. போய்ச் சேரும் இடம் எலும்பும் மூளையும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. ஐந்து வருடம் கழித்துப் பிள்ளை கணக்கில் மந்தம் என்று டீச்சர் சொல்வார். அதையும் இந்தக் குப்பியையும் யார் முடிச்சுப் போடப்போகிறார்கள்?

முடிச்சுப் போட்டவர்கள் ஊரை விட்டுப் போன இடத்தில் இருந்த டாக்டர்கள். பஞ்சாப், குஜராத், பாகிஸ்தான் என்று நம் பக்கத்திலிருந்து இங்கிலாந்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்த காலம் அது. அங்கே குழந்தை உடம்பில் ஈயம் என்றால் பழைய பெயின்ட்டைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். 1968-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கண் மையால் வந்த ஈய நச்சு பற்றி ஒரு கட்டுரை வந்தது. பத்து வருடம் கழித்து, 1978-ல், அதே இதழில் சுர்மாவும் ஈய நச்சும் என்று இன்னொன்று. அங்கே இருந்த ஆசியக் குழந்தைகளில் சுர்மா போட்டவர்கள், போடாதவர்கள் இருவரின் ரத்தத்தையும் ஒப்பிட்டார்கள். போட்டவர்களிடம் ஈயம் கணிசமாக அதிகம். ஊரிலிருந்து பாட்டி ஆசையாகக் கொடுத்தனுப்பிய குப்பி, கடல் கடந்து போய்ச் சோதனைக் கூடத்தில்தான் தன் பெயரைச் சொன்னது.

இது ஏதோ பழங்கதை என்று விட்டுவிட முடியவில்லை. 2011-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் நைஜீரியப் பூர்விகம் கொண்ட ஓர் ஆறு மாதக் குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 13 மைக்ரோகிராம் ஈயம். அவர்கள் ஊர்க் கண்மைக்கு 'டீரோ' என்று பெயர். சோதித்ததில் 82.6 சதவீதம் காரீயம். வேறு கண்டம், வேறு சொல், அதே கல், அதே பாசம்.

13 என்பது அதிகமா, குறைவா? எப்போது கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அமெரிக்காவில் 1960-களில் 60 வரை பரவாயில்லை என்றிருந்தார்கள். 1991-ல் 10. 2012-ல் 5. 2021-ல் 3.5. எங்கள் தொழிலில் வாராக்கடனுக்கு 180 நாள் என்று இருந்த கெடுவை 2004-ல் 90 நாளாகக் குறைத்தார்கள். முதல் நாள் வரை நல்ல கணக்கு, மறுநாள் காலை வாராக்கடன். கடன்காரர் அதே ஆள்தான். அது மாதிரி, நம் அப்பா தலைமுறையில் 'நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பப்பட்ட குழந்தைகள் இன்றைய அளவுகோலில் எங்கே நிற்பார்கள் என்று யோசித்தால் கொஞ்சம் கலக்கமாகத்தான் இருக்கிறது.

இந்த விஷயத்தைப் படிக்க ஆரம்பித்தபோது என்னை நிறுத்தி வைத்தது ஜப்பான் கதைதான். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜப்பானில் பெண்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் வெள்ளைப் பூச்சு பூசும் வழக்கம் மிகப் பழையது. 'ஒஷிரோய்' என்பார்கள். அதில் உசத்தி சரக்கு ஈய வெள்ளை. தோலில் நன்றாகப் பிடிக்கும், சீராகப் பரவும், விலையும் கட்டுப்படி. நாடக நடிகர்கள் கிலோக் கணக்கில் பூசினார்கள். 1887-ல் மெய்ஜி பேரரசர் முன்னிலையில் கபுகி நாடகம் நடந்தது. நகாமுரா ஃபுகுசுகே என்ற புகழ்பெற்ற நடிகர், பெண் வேடத்தில் பெயர் பெற்றவர், மேடையில் கால் நடுக்கத்தை நிறுத்த முடியாமல் தவித்தார். காரணம் ஈயம் என்று தெரிந்து நாடே பேசியது. மன்னர் முன்னால் நடந்த விஷயமாயிற்றே, உடனே தடை வந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்?

1900-ல் நச்சு நிறப்பொருட்களைக் கட்டுப்படுத்த விதி வந்தது. நல்ல விதி. ஆனால் கடைசியில் ஒரு துணைக் குறிப்பு. ஈய வெள்ளையை முகப்பூச்சில் 'தற்போதைக்கு' பயன்படுத்திக்கொள்ளலாம்.

சர்க்குலர் படித்தே தலை நரைத்தவன் என்ற முறையில் சொல்கிறேன், 'தற்போதைக்கு' என்ற சொல்லைப்போல ஆயுள் கெட்டியான சொல் நிர்வாக மொழியில் கிடையாது. எங்கள் சஸ்பென்ஸ் அக்கவுண்டில் தற்காலிகமாக வைத்த பதிவு, வைத்தவர் ரிட்டயர் ஆகிப் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கும். ஜப்பானின் 'தற்போதைக்கு' முப்பது வருடம் ஓடியது. இத்தனைக்கும் 1904 வாக்கிலேயே ஈயமில்லாத பூச்சு கடைக்கு வந்துவிட்டது. மாற்று இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழைய சரக்கு முகத்தில் இன்னும் அழகாக ஒட்டியது, அவ்வளவுதான்.

அந்த முப்பது வருடத்தின் நடுவில் ஜப்பானியக் குழந்தை மருத்துவர்களைக் குழப்பிய ஒரு நோய் இருந்தது. கைக்குழந்தைகளுக்கு வாந்தி, வலிப்பு, மூளைக்காய்ச்சல் போலவே இருக்கும். ஆனால் கிருமி இல்லை. பெயர் வைக்கத் தெரியாமல் 'மூளைக்காய்ச்சல் எனப்படுவது' என்றே வைத்திருந்தார்கள். 1923-ல் கியோட்டோ பல்கலைக்கழகத்துக் குழந்தை மருத்துவப் பேராசிரியர் ஹிராய் இகுதாரோ காரணத்தைச் சொன்னார். அம்மாவின் முகப்பூச்சு. கழுத்திலும் மார்பிலும் பூசிக்கொண்டு பால் கொடுத்த அம்மாக்களின் பிள்ளைகள் அவை. 1930-ல்தான் விதியைத் திருத்தினார்கள். கடைகளிலிருந்து சரக்கு ஒழிய இன்னும் சில வருடம் ஆனது.

நடிகரின் கால் நடுங்கியது 1887-ல் மேடையில், எல்லோர் கண்ணுக்கும் முன்னால். குழந்தைகளுக்கு வந்தது வீட்டுக்குள். அந்த அம்மாக்களில் ஒருத்திக்குக்கூடத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்காது. குழந்தைக்கு முன் அழகாக, சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைத்திருப்பாள். பிற்காலத்தில் பழைய சாமுராய்க் குடும்பக் கல்லறைகளின் எலும்புகளைச் சோதித்தவர்கள், பெரியவர்களைவிடக் குழந்தைகளின் எலும்பில் ஈயம் மிக அதிகமாக இருப்பதைக் கண்டு, அதற்கும் முகப்பூச்சையே காரணமாகச் சொன்னார்கள். அப்படியானால் இது எத்தனை தலைமுறை!

இனி நம் நெற்றிக்கு வருகிறேன்.

வட இந்தியாவில் குடியேறும் தமிழ்க் குடும்பங்கள் குங்குமத்தையும் சிந்தூரையும் ஒன்றாகவே நினைத்துக்கொள்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வகிட்டில் வைத்தால் சிந்தூர், நெற்றியில் வைத்தால் குங்குமம், அவ்வளவுதானே? இல்லை. பிறப்பே வேறு. நம் குங்குமத்தின் மூலம் மஞ்சள். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும், ஆரத்தி கரைத்த எல்லோருக்கும் தெரியும். மஞ்சளோடு வெங்காரம், படிகாரம், எலுமிச்சை என்று ஊருக்கொரு பக்குவத்தில் அந்தச் சிவப்பைப் பிடித்து வைப்பதுதான் குங்குமம். சிந்தூர் என்ற சொல்லோ பழைய ரசவாத நூல்களில் நேராகவே ஈயச் செந்தூளைக் குறிக்கும். காரீயத்தைக் காற்றுப்பட வறுத்தால் கிடைக்கும் ஆரஞ்சு கலந்த சிவப்புப் பொடி. எடையில் 90 சதவீதம் காரீயம். பெயின்ட் தொழிலில் இரும்பு துருப்பிடிக்காமல் இருக்க அடிப்பூச்சாக அடித்த அதே சரக்கு. மங்கலப் பொருள் என்ற பெயரில் வகிட்டில் ஏறி உட்கார்ந்தது.

இன்றைக்குக் கடையில் விற்கும் சிந்தூர் எல்லாமே ஈயம் என்று சொல்லவில்லை. மாவு, டால்க், செயற்கைச் சாயம் கலந்த பாக்கெட்டுகளும் உண்டு. அதேபோல இன்றைக்குக் கடையில் விற்கும் குங்குமம் எல்லாமே மஞ்சள் என்று சொன்னால் அதுவும் பொய். குங்குமம் வைத்த இடத்தில் அரிப்பு, கருப்பு என்று தோல் டாக்டரிடம் போனவர்கள் நம்மில் எத்தனை பேர்? சரி வேண்டாம் என்று ஸ்டிக்கர் பொட்டுக்கு மாறினால், அதன் பசையில் இருக்கும் ஒரு பீனால் ரசாயனம் சிலருக்கு நிறத்தையே அழித்து, பொட்டு வைத்த இடத்தில் பொட்டு அளவுக்கே வெள்ளைத் திட்டு விழ வைக்கிறது. என் பெரியம்மாவுக்கு அப்படித்தான். கடைசிவரை அதை மறைக்கவே இன்னும் பெரிய ஸ்டிக்கர் ஒட்டினாள்.

சிந்தூரின் நிலை என்ன என்று யாராவது அளந்து பார்த்தார்களா? பார்த்தார்கள், மறுபடி ஊரை விட்டுப் போனவர்கள் இருக்கும் இடத்தில்தான். 2005-ல் நியூஜெர்சி மருத்துவர்கள் ஒரு தெற்காசியக் குடும்பத்தைப் பற்றி எழுதினார்கள். குடும்பம் முழுக்க ரத்தத்தில் ஈயம். சிந்தூரைச் சமையலில் நிறத்துக்குப் போட்டிருக்கிறார்கள்! கேட்டால் சிரிப்பு வரும். ஆனால் அதே கடையில், மசாலாப் பொடி அடுக்கிய அதே அலமாரியில், அதே மாதிரி பாக்கெட்டில் சிவப்புப் பொடி இருந்தால் ஏமாற எத்தனை நேரம்? 2017-ல் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தார் 118 சிந்தூர் மாதிரிகளைச் சோதித்தார்கள். 95 நியூஜெர்சிக் கடைகளில் வாங்கியது, 23 மும்பையிலும் தில்லியிலும் வாங்கியது. அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவு கிராமுக்கு 20 மைக்ரோகிராம் ஈயம். அதைத் தாண்டியவை அங்கே வாங்கியதில் 19 சதவீதம், இங்கே வாங்கியதில் 43 சதவீதம்.

அந்த 20 நம் சட்டத்திலும் உண்டு என்பதுதான் வேடிக்கை. 1940-ல் வந்த மருந்துச் சட்டத்தில் அழகுப்பொருள் என்ற பேச்சே இல்லை. 1962-ல் திருத்தி, 1964 முதல் அது மருந்து மற்றும் அழகுப்பொருள் சட்டம் ஆனது. (அப்போதும் சோப்பை விட்டுவிட்டார்கள். 1982 திருத்தத்தில்தான் சோப்பு உள்ளே வந்தது.) நிறத்துக்காக ஈயமோ ஆர்சனிக்கோ சேர்க்கக் கூடாது என்று விதி. சேர்க்கும் நிறப்பொருளில் ஈயம் 20 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்று அளவு. 2020-ல் அழகுப்பொருளுக்கென்றே தனி விதித்தொகுப்பு வந்தது. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டுக்கு 2016 விதிப்படி 90 பிபிஎம். ஆக, காகிதத்தில் சுவரைவிட நெற்றிக்குப் பாதுகாப்பு அதிகம்தான்.

ஆனால் சட்டம் பார்ப்பது லைசென்ஸ் வாங்கின தொழிற்சாலையை. கோயில் வாசலில் கோபுரமாகக் குவித்து, கரண்டியால் அள்ளிப் பொட்டலம் கட்டும் பொடிக்கு உற்பத்தியாளர் யார், எந்தத் தேதி, எந்த எண்? எங்களிடம் ஒருவர் கடன் கேட்டு வந்து, "பேர் தெரிந்த குடும்பம் சார், பேப்பர் எதுவும் கிடையாது" என்றால் என்ன செய்வோம்? அந்தக் கண்டிப்பில் நூற்றில் ஒரு பங்கைக்கூட நெற்றியில் இடும் பொடிக்கு நான் காட்டியதில்லை.

இதெல்லாம் நம்மைப் போன்ற நாடுகளின் அலட்சியம் என்று முடித்துவிடவும் முடியாது. நரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுப்பாக்கும் ஒரு வகைத் தலைச்சாயம் அமெரிக்காவில் ஆண்களிடம் பிரபலம். அதன் மூலப்பொருள் ஈய அசிடேட். 1980-ல் அவர்களுடைய மருந்து நிர்வாகம் முறையாக அனுமதி கொடுத்தது. 2018-ல்தான் அந்த அனுமதியை விலக்கிக்கொள்ள முடிவெடுத்தார்கள். அதற்கும் ஆட்சேபணை, ஒத்திவைப்பு என்று இழுத்து, நடைமுறைக்கு வர இன்னும் சில வருடம். பெட்ரோலில் ஈயம் போனது, பெயின்ட்டில் போனது, தலையில் மட்டும் தங்கியது. அங்கேயும் ஒரு 'தற்போதைக்கு' :-(

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்லிவிட வேண்டும். நம் நாட்டுக் குழந்தைகளின் உடம்பில் சேரும் ஈயத்துக்கு மையும் பொட்டும் மட்டும் காரணம் இல்லை. பழைய பாட்டரியை உடைத்து உருக்கும் சந்துப் பட்டறைகள் அதைவிடப் பெரிய காரணம். 2020-ல் யுனிசெஃப் அறிக்கை உலகக் குழந்தைகளில் மூன்றில் ஒருவருக்கு ரத்தத்தில் 5 மைக்ரோகிராமுக்கு மேல் இருப்பதாகக் கணக்குப் போட்டது. பட்டறையை நானும் நீங்களும் மூட முடியாது. குப்பியை மூடலாம்.

அம்மாவின் கண்மை? அதைப் பற்றியும் கேட்டேன், அவளிடமே. வெள்ளைத் துணியைக் கரிசலாங்கண்ணிச் சாற்றில் நனைத்து நிழலில் உலர்த்தி, திரியாகத் திரித்து, விளக்கெண்ணெயில் எரித்து, மேலே பித்தளைத் தட்டைக் கவிழ்த்துக் கரி பிடித்து, அதே எண்ணெயில் குழைப்பது. ஈயம் வர வழியே இல்லை. "நான்தான் சொன்னேனே" என்றாள் அம்மா. டாக்டரம்மா அதற்கும் ஒப்புக்கொள்ளவில்லை. கரி கரிதான், விரல் விரல்தான், கைக்குழந்தையின் கண்ணில் எதுவுமே வேண்டாம், கிருமி தொற்றும், கண்ணீர்ப் பை அடைத்துக்கொள்ளும் என்றார். கடைசியில் அம்மாவின் மை கன்னத்திலும் உள்ளங்காலிலும் திருஷ்டிப் பொட்டாக இடம் மாறியது. சமரசம்.

சீனியரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. அவர் வீட்டில் நாலு தலைமுறை அதைப் போட்டு வளர்ந்தவர்கள். தன் பேரனுக்குப் போட்டதையே என் மகளுக்கும் கொண்டுவந்தார். எப்படிச் சொல்வது? இன்றுவரை சொல்லவில்லை என்பது உறுத்தத்தான் செய்கிறது. அவருடைய பேரனும் அப்போது கைக்குழந்தைதானே.

போன மாற்றலில் சாமான் கட்டும்போது அந்தக் குப்பி கிடைத்தது. பதினைந்து வருடம் ஆகியும் பொடி அதே மினுமினுப்பு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ரோஜாப் பூ படம், ஒரு பெயர், விலை. உள்ளே என்ன என்று ஒரு வரி இல்லை. அது கலீனாவா, ஆன்டிமனியா, வெறும் கரியா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. அப்போதே மகளுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்திருக்கலாம், பெரிய செலவும் இல்லை. தோன்றவில்லை. இப்போது எடுத்துப் பயனில்லை. ரத்தத்தில் இருக்கும் ஈயம் ஒரு மாதத்தில் பாதியாகக் குறைந்துவிடும், எலும்பில் போய் உட்கார்ந்தது பல வருடம் அங்கேயே இருக்கும்.

மகள் இப்போது தன் காஜல் பென்சிலை வாங்கும்போது பின்பக்கப் பொடி எழுத்தை ஃபோனில் பெரிதாக்கிப் படிக்கிறாள். குப்பியைப் பார்த்துவிட்டு, "எனக்கு எத்தனை நாள்ப்பா போட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு மாசம் இருக்கும்."

"தினமுமா?"

எனக்கு நினைவில்லை. தங்கமணிக்கும் நினைவில்லை. கும்பகோணத்துக்கு ஃபோன் போட்டுக் கேட்டோம். "நான் போட்டது என் மைதான்" என்றாள் அம்மா.